கருத்தடை தவறிக் கரு தங்கினால்: இணையரோடு வாழும் பெண்களுக்கான முழுமையான வழிகாட்டி

2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தை நாடிய ஒரு பெண்ணுக்கு வயது 27. திருமணமானவர், இரண்டு குழந்தைகளின் தாய். இளைய குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் அவருக்கு மாதவிலக்கு வரவில்லை. பால் கொடுக்கும்வரை கரு தங்காது என்பதையே அவர் கருத்தடையாக நம்பியிருந்தார். மூன்றாவது கரு தங்கியிருப்பது தெரிந்தபோது 24 வாரங்களை நெருங்கிவிட்டது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்காக அவர் சிகிச்சையில் இருந்தார். அக்டோபர் 9 அன்று இரு நீதிபதிகள் அமர்வு கருக்கலைப்புக்கு அனுமதி தந்தது. 11ஆம் தேதி அதே அமர்வு இரு கருத்தாகப் பிரிந்தது. 16ஆம் தேதி தலைமை நீதிபதி தலைமையிலான மூவர் அமர்வு, கரு 26 வாரம் 5 நாளை எட்டிவிட்டது, தாயின் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை, கருவில் குறைபாடும் இல்லை என்று கூறி அனுமதியை மறுத்தது.

இதே பெண் பத்தாவது வாரத்தில் மருத்துவமனைக்குப் போயிருந்தால், ஒரே ஒரு மருத்துவரின் கருத்தே போதுமானதாக இருந்திருக்கும். இந்த வழிகாட்டியை எழுதத் தூண்டியது அந்த இடைவெளிதான். கணவரோடோ இணையரோடோ நிலையாக வாழும் பெண்கள் பெரும்பாலும் அறியாமையால் நாட்களை இழப்பதில்லை. "நாம்தான் பாதுகாப்பாக இருக்கிறோமே" என்ற நம்பிக்கையால் இழக்கிறார்கள். கீழே உள்ளவை இந்தியச் சட்டத்தையும் இங்குள்ள மருத்துவ நடைமுறையையும் ஒட்டியவை. இலங்கையில் தாயின் உயிரைக் காப்பதற்காக மட்டுமே கருக்கலைப்பை 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை அனுமதிக்கிறது என்பதால், அங்குள்ள வாசகர்களுக்குச் சட்டப் பகுதி பொருந்தாது. மருத்துவப் பகுதிகள் பொருந்தும்.

படி 1: உங்கள் கருத்தடை எங்கே தவறக்கூடும் என்று அறிந்திருங்கள்

எந்தக் கருத்தடையும் முழுக்கக் கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது. பரவலாக ஏற்கப்பட்ட கணக்குப்படி, ஆணுறையை நடைமுறையில் மக்கள் பயன்படுத்தும் விதத்தில் பயன்படுத்தும் 100 பெண்களில் சுமார் 13 பேருக்கு ஓராண்டுக்குள் கரு தங்குகிறது. தினசரி மாத்திரையில் இது சுமார் 7 பேர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியில் 4 பேர். விந்து வெளிப்படுமுன் விலகிக்கொள்ளும் முறையில் 20 பேர். காப்பர் டியில் 100க்கு ஒருவருக்கும் குறைவு. பெண்ணுக்குச் செய்யும் குடும்பக் கட்டுப்பாடு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் முதல் ஆண்டில் 1,000 பேரில் சுமார் 5 பேருக்குக் கரு தங்குகிறது. ஆகவே, கரு தங்கிய பெண்ணைப் பார்த்து "எச்சரிக்கையாக இருந்திருக்கலாமே" என்று சொல்வது பெரும்பாலும் அநியாயம்.

தவறும் இடங்கள் பல நேரங்களில் மிகச் சிறியவை. தேங்காய் எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுப் படுக்கையறை அலமாரியில் எப்போதும் கைக்கெட்டும் பொருள் அது. உலர்வால் வலி எடுக்கும்போது அதைத் தடவிக்கொள்பவர்கள் ஏராளம். ஆனால் எண்ணெய் பட்ட சில நிமிடங்களிலேயே லேடெக்ஸ் ஆணுறையின் ரப்பர் வலுவிழக்கத் தொடங்குகிறது. கிழிந்தது கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதும் இல்லை. வழுவழுப்புக்கு நீர் அல்லது சிலிக்கோன் சார்ந்த களிம்பு மட்டுமே பொருந்தும்.

தினசரி மாத்திரை எடுப்பவர்கள் காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுக்க நேர்ந்தாலும், வலிப்புக்கு ஃபெனிடாயின் அல்லது கார்பமசெபின் எடுத்தாலும், மாத்திரையின் வேலை குறைந்துபோகும். காசநோய் மருந்து கொடுப்பவருக்கு நீங்கள் கருத்தடை மாத்திரை எடுப்பது தெரியாமல் போகலாம். நீங்களே சொல்ல வேண்டும். மாத்திரை விழுங்கிய சிறிது நேரத்தில் வாந்தி எடுத்தால், அன்றைய மாத்திரை உள்ளே போகவில்லை என்றே கொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் கிடைக்கும் சாயா மாத்திரை முதல் மூன்று மாதங்கள் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று என்று எடுக்க வேண்டியது. அந்த மாற்றம் வரும் வாரத்தில் குழம்புபவர்கள் நிறைய.

பால் கொடுப்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பால் கொடுப்பது உண்மையிலேயே கருத்தடையாக வேலை செய்யும், ஆனால் மூன்று நிபந்தனைகளும் ஒருசேர இருந்தால் மட்டுமே: குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்திருக்கக் கூடாது, மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது, இரவு பகலாகத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். குழந்தைக்குப் புட்டிப்பாலோ கஞ்சியோ தொடங்கிய நாளிலேயே அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. அதைவிட முக்கியமானது, முதல் மாதவிலக்கு வருவதற்கு முன்பே கருமுட்டை வெளிவந்துவிடக்கூடும். "இன்னும் தீட்டே வரவில்லையே, எப்படி நின்றது?" என்ற கேள்விக்கு விடை இதுதான்.

நேற்றிரவு ஆணுறை கிழிந்தது என்றால் இன்னும் நேரம் இருக்கிறது. லெவோநார்ஜெஸ்ட்ரெல் 1.5 மில்லிகிராம் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் எடுக்க வேண்டும். இது கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும் மருந்து. ஏற்கனவே தங்கிய கருவை இது கலைக்காது. தமிழ்நாட்டில் பல மருந்துக் கடைகளில் இதைக் கேட்டால் இல்லை என்பார்கள். கடை கடையாக அலைந்து ஒரு நாளை வீணாக்காமல், நேராக ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மகப்பேறு மருத்துவரிடமோ கேளுங்கள். ஐந்து நாட்களுக்குள் காப்பர் டி போட்டுக்கொள்வது மாத்திரையைவிடப் பலன் மிகுந்தது.

படி 2: நாள் தள்ளினால் உடனே சோதியுங்கள், வாரக் கணக்கைச் சரியாகப் போடுங்கள்

மாதவிலக்கு ஒரு வாரம் தள்ளிப்போனால், எந்தக் கருத்தடையில் இருந்தாலும், அறுவைச் சிகிச்சையே செய்திருந்தாலும், சிறுநீர்ப் பரிசோதனை அட்டையை வாங்குங்கள். காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரில் இரண்டு மூன்று சொட்டு, ஐந்து நிமிடம். இரண்டாவது கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அது கோடுதான். ஒரு கோடு மட்டும் வந்து, மாதவிலக்கும் வரவில்லை என்றால், ஒரு வாரம் கழித்து மீண்டும் பாருங்கள். பிரசவத்துக்குப் பின் மாதவிலக்கே திரும்பாதவர்கள் தள்ளிப்போன நாளைக் கணக்கிட வழியில்லை. உறவு தொடங்கியதும், கருத்தடை ஏதும் உறுதியாக இல்லாத நிலையில், மாதம் ஒருமுறை அட்டைப் பரிசோதனை செய்வதே பாதுகாப்பு.

வாரக் கணக்கு உறவு கொண்ட நாளிலிருந்து தொடங்குவதில்லை. கடைசியாக வந்த மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. நாள் தள்ளிப்போன அன்றே நீங்கள் ஏறத்தாழ நான்கு வாரம். "பத்து நாள்தான் தள்ளியிருக்கிறது" என்று நினைக்கும் பெண் ஆறாவது வாரத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறார். நாட்காட்டியில் அந்தத் தேதியை வட்டமிட்டு, அதிலிருந்து 9, 12, 20 ஆகிய வாரங்கள் முடியும் தேதிகளையும் குறித்துவையுங்கள்.

இந்தக் கட்டத்தில் பப்பாளி, எள்ளு, அன்னாசி, கருப்பட்டிக் கசாயம் என்று இரண்டு வாரம் போக்குவது நம் வீடுகளில் சகஜம். அவை கருவைக் கலைக்கும் என்று நம்பி இருக்க முடியாது; நாட்கள் போவது மட்டுமே உறுதி. எருக்கங்குச்சி போன்றவற்றை உள்ளே வைப்பது உயிரைப் பறிக்கும் செயல். யார் சொன்னாலும் இடம் கொடாதீர்கள்.

படி 3: கரு எங்கே இருக்கிறது என்பதை உறுதி செய்யுங்கள்

கருத்தடை தவறிக் கரு தங்கியவர்களுக்கு இந்தப் படி மற்ற எல்லாரையும்விட முக்கியம். காப்பர் டி உள்ளே இருக்கும்போதோ, குடும்பக் கட்டுப்பாடு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகோ கரு தங்குவது அரிது. ஆனால் அப்படித் தங்கினால் அது கருப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கியிருக்கும் வாய்ப்பு அதிகம். அறுவைச் சிகிச்சை தவறித் தங்கும் கருக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று வரை இப்படிக் குழாயில் தங்கக்கூடும். கருக்கலைப்பு மாத்திரை குழாயில் உள்ள கருவைக் கலைக்காது. மாத்திரை போட்டு ரத்தப்போக்கும் வந்து, முடிந்துவிட்டது என்று நினைத்திருக்கும் பெண்ணுக்குப் பத்து நாள் கழித்துக் குழாய் வெடித்து உள்ளே ரத்தம் கசிந்தால், அது உயிருக்கே ஆபத்து.

ஆகவே இந்த இரு பிரிவினரும் ஸ்கேன் இல்லாமல் எந்த மாத்திரையும் எடுக்கக் கூடாது. அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் குத்தும் வலி, தோள்பட்டை வலி, தலைசுற்றல், மயக்கம் இருந்தால் 108ஐ அழையுங்கள். காப்பர் டி உள்ளே இருந்தால், கருக்கலைப்புக்கு முன் அதை எடுத்துவிட வேண்டும்.

படி 4: முடிவெடுப்பது

தொடர்வதா கலைப்பதா என்பதை இந்த வழிகாட்டி உங்களுக்குச் சொல்லாது. ஆனால் முடிவு யாருடையது என்பதில் எனக்குத் தயக்கமில்லை, சட்டத்துக்கும் தயக்கமில்லை. 18 வயது நிறைந்த பெண்ணின் ஒப்புதல் மட்டும் போதும். கணவரின் கையெழுத்து தேவையில்லை. மாமியார், பெற்றோர் யாருடையதும் தேவையில்லை. மனைவி தன்னைக் கேட்காமல் கருவைக் கலைத்தார் என்று மனைவி மீதும் மருத்துவர்கள் மீதும் ஒரு கணவர் தொடுத்த வழக்கைப் பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் 2011இல் தள்ளுபடி செய்தது. 2017இல் உச்ச நீதிமன்றமும் அதை மாற்ற மறுத்தது.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். மருத்துவக் காரணமோ கணவரின் ஒப்புதலோ அறிவோ இல்லாமல் செய்யப்பட்ட கருக்கலைப்பு மணமுறிவு வழக்கில் மனக்கொடுமையாகக் கருதப்படலாம் என்று 2007ஆம் ஆண்டின் சமர் கோஷ் தீர்ப்பு குறிப்பிடுகிறது. இது குற்றம் அல்ல. மருத்துவர் உங்களைத் திருப்பி அனுப்பவும் இது காரணம் ஆகாது. ஆனால் மணவாழ்வு ஏற்கனவே நீதிமன்றத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தால், மருத்துவக் குறிப்புகளைப் பத்திரமாக வைத்துக்கொள்வதும், 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணில் பேசிக்கொள்வதும் நல்லது.

கணவரோடு பேச முடிந்த பெண்கள் பேசுவதே நல்லது. அனுமதி கேட்பதற்காக அல்ல. மாத்திரை போட்ட நாளில் சமையலையும் குழந்தைகளையும் பார்த்துக்கொள்ளவும், இரவில் ரத்தப்போக்கு மிகுந்தால் வண்டி எடுக்கவும் ஒருவர் வேண்டும். பேச முடியாத வீட்டில், தோழியோ அக்காவோ அந்த இடத்தில் இருக்கட்டும்.

எதிர்த்திசையிலும் கட்டாயம் உண்டு. குழந்தை வேண்டும் என்று நினைக்கும் பெண்ணை, "இன்னொன்றுக்கு எங்கே வசதி" என்று வீடே சேர்ந்து கிளினிக்குக்கு அழைத்துப்போவதையும் பார்க்கிறோம். பெண்ணின் ஒப்புதல் இல்லாமல் கருவைக் கலைப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 89ஆம் பிரிவின்படி ஆயுள் தண்டனை வரை கிடைக்கக்கூடிய குற்றம். மருத்துவரைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். 181 மகளிர் உதவி எண்ணும் இருக்கிறது.

படி 5: சட்டம் தரும் வழியும், எங்கே செல்வது என்பதும்

1971ஆம் ஆண்டின் மருத்துவமுறைக் கருக்கலைப்புச் சட்டம் கருத்தடை தோல்வியைத் தொடக்கத்திலிருந்தே தனிக் காரணமாக ஏற்றிருக்கிறது. அன்று "திருமணமான பெண்ணோ அவர் கணவரோ" பயன்படுத்திய முறை தவறினால் என்று இருந்தது. 2021 செப்டம்பர் 24 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதை "எந்தப் பெண்ணோ அவர் இணையரோ" என்று மாற்றியது. குழந்தைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த மட்டுமின்றி, கருத்தரிப்பைத் தடுக்கவென்று பயன்படுத்திய முறை தவறினாலும், அந்தக் கருவால் வரும் வேதனையை மனநலத்துக்கு ஏற்படும் கடும் பாதிப்பாகவே கருதிக்கொள்ளலாம் என்கிறது அது. மணமாகாமல் இணையரோடு வாழும் பெண்ணும் இதில் அடங்குவார். கிழிந்த ஆணுறையையோ மாத்திரை அட்டையையோ சாட்சியாகக் காட்டச் சட்டம் கேட்கவில்லை. என்ன முறை பயன்படுத்தினீர்கள், அது தவறியது என்பதை மருத்துவரிடம் தெளிவாகச் சொன்னால் போதும்.

இந்த வழி 20 வாரம் வரைதான். அதுவரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை இரு மருத்துவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கட்டத்தில் கருத்தடை தவறியது என்ற காரணம் மட்டும் செல்லாது, விதிகளில் சொல்லப்பட்ட பிரிவுகளில் ஒன்றில் வர வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், சிறுமிகள், கருவுற்றிருக்கையில் கணவரை இழந்தவர்கள் அல்லது மணமுறிவு பெற்றவர்கள், பெரும் உடல் குறைபாடோ மனநோயோ உள்ளவர்கள், கருவில் கடுமையான குறைபாடு உள்ளவர்கள் ஆகியோர் அவற்றில் சிலர். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், மணநிலை மாற்றம் என்ற பிரிவை மணமான பெண்களோடு நிறுத்தக் கூடாது, இணையர் கைவிட்டதால் நிலைமை மாறிப்போன மணமாகாத பெண்ணும் அதில் வருவார் என்று தீர்ப்பளித்தது. கணவரின் வன்புணர்ச்சியால் தங்கிய கருவும் இந்தச் சட்டத்தின் நோக்கத்துக்குப் பாலியல் வன்முறையாகவே கொள்ளப்படும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. 24 வாரத்துக்குப் பின், கருவில் கடும் குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு கண்டால் மட்டும் அனுமதி. தாயின் உயிரைக் காக்க உடனே செய்ய வேண்டிய நிலையில் வார வரம்பு ஏதுமில்லை.

அரசு மருத்துவமனையிலோ, இதற்கென அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் மருத்துவமனையிலோதான் செய்துகொள்ள வேண்டும். அருகில் எங்கே என்பதை 104இல் கேட்கலாம். பெரும்பாலான தடங்கல் மருத்துவரின் அறைக்கு முன்பே, பதிவு மேசையில் வருகிறது. "வீட்டுக்காரர் வந்திருக்காராம்மா? அவர் கையெழுத்துப் போடணும்" என்று அங்கே இருப்பவர் பழக்கத்தில் கேட்டுவிடுவார். "எனக்கு 18 வயது முடிந்துவிட்டது. ஒப்புதல் படிவம் சியில் நான் போட்டால் போதும்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் மருத்துவரையோ கண்காணிப்பாளரையோ பார்க்கக் கேளுங்கள். குடும்பக் கட்டுப்பாடு அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டால்தான் கலைப்போம் என்று சொல்வதற்கும் சட்டத்தில் இடமில்லை. உங்கள் பெயரையும் விவரத்தையும் சட்டம் அனுமதிக்காத எவரிடமும் வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

படி 6: எந்த முறை?

ஒன்பது வாரம் வரை மாத்திரை முறை. முதலில் மிஃபெப்ரிஸ்டோன், ஒன்று அல்லது இரண்டு நாள் கழித்து மிசோப்ரோஸ்டால். இரண்டாவது மருந்துக்குப் பிறகு சில மணி நேரத்தில் மாதவிலக்கைவிடக் கடுமையான வலியும் கட்டிகளோடு ரத்தப்போக்கும் வரும். குளிர் நடுக்கம், லேசான காய்ச்சல், வயிற்றுப்போக்கு அன்று ஒரு நாள் இருக்கலாம். மருத்துவர் சொன்ன வலி மாத்திரையை முன்கூட்டியே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். ரத்த உறைவைத் தடுக்கும் மருந்தோ நீண்டநாள் ஸ்டீராய்டோ எடுப்பவர்கள், கடும் ரத்தசோகை உள்ளவர்கள் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். நம் பெண்களில் ரத்தசோகை எவ்வளவு பரவலானது என்பதை நினைத்தால், ஹீமோகுளோபின் பார்க்காமல் கடையில் மாத்திரை வாங்கிப் போடுவது எவ்வளவு ஆபத்து என்பது புரியும். உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால் அதையும் சொல்லுங்கள்.

மற்றொன்று, மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுப்பது. 12 வாரம் வரை, மரத்துப்போகும் ஊசியோடு, சில நிமிடங்களில் முடிந்து அன்றே வீடு திரும்பலாம். கரண்டி போன்ற கருவியால் சுரண்டி எடுக்கும் பழைய டி அண்ட் சி முறையைக் கைவிடுமாறு உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எந்த முறையில் செய்யப்போகிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். 12 வாரத்துக்குப் பிறகு மருத்துவமனையில் தங்கியே செய்ய வேண்டியிருக்கும்.

படி 7: வீட்டில் கவனிக்க வேண்டியவை

அடுத்தடுத்து இரண்டு மணி நேரம், மணிக்கு இரண்டு பெரிய நாப்கின் முழுதாக நனைந்தால், ஒரு நாளைத் தாண்டியும் காய்ச்சல் நீடித்தால், துர்நாற்றத்தோடு வெள்ளைப்பட்டால், வலி மாத்திரைக்கும் அடங்காத வயிற்றுவலி இருந்தால், உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரண்டாவது மருந்து போட்டு 24 மணி நேரமாகியும் ரத்தப்போக்கே இல்லை என்றால், மருந்து வேலை செய்யாமல் இருக்கலாம். குழாயில் கரு இருக்கவும் கூடும். சிறிது சிறிதாகக் கசிவது இரண்டு வாரம் வரை இருப்பது இயல்பு.

இரண்டு வாரத்தில் மறுபரிசோதனைக்குக் கட்டாயம் செல்லுங்கள். சிறுநீர் அட்டை சில வாரங்கள் வரை இரண்டு கோடு காட்டக்கூடும் என்பதால், வீட்டில் அதை வைத்து முடிவுசெய்ய வேண்டாம். மாத்திரைக்குப் பிறகும் கரு வளர்ந்திருந்தால், மிசோப்ரோஸ்டால் கருவில் குறைபாட்டை உண்டாக்கக்கூடியது என்பதால், உறிஞ்சி எடுத்து முடிப்பதையே மருத்துவர்கள் அறிவுறுத்துவார்கள்.

படி 8: அதே முறையோடு திரும்பிப் போகாதீர்கள்

கருக்கலைப்புக்குப் பிறகு இரண்டு வாரத்துக்குள்ளேயே மீண்டும் கருமுட்டை வெளிவரக்கூடும். அடுத்த மாதவிலக்குக்குக் காத்திருந்தால் காலம் கடந்துவிடும். கருத்தடை மாத்திரையையும் ஊசியையும் அன்றே தொடங்கலாம். உறிஞ்சி எடுத்த அன்றே காப்பர் டி போட்டுக்கொள்ளலாம். மாத்திரையால் கலைத்திருந்தால், முழுமையாக முடிந்தது உறுதியான பிறகு காப்பர் டி போடலாம். முன்பு தவறியது எதனால் என்பதை மருத்துவரிடம் பேசி, அதற்கேற்ப மாற்றுங்கள். மாத்திரை அட்டையில் புதன்கிழமைகள் விடுபடும் வீட்டில், மீண்டும் மாத்திரையே எழுதி வாங்கி வருவதில் பயனில்லை.

அறுவைச் சிகிச்சை தவறியிருந்தால், அரசின் குடும்ப நல இழப்பீட்டுத் திட்டத்தில் உரிமை கோரலாம். அறுவைச் சிகிச்சைச் சான்றிதழையும் ஸ்கேன் அறிக்கையையும் எடுத்துக்கொண்டு, அறுவைச் சிகிச்சை நடந்த மருத்துவமனையிலோ மாவட்டக் குடும்ப நல அலுவலகத்திலோ தாமதமின்றி விண்ணப்பியுங்கள். நீதிமன்றத்தில் பெருந்தொகை கேட்பது வேறு விஷயம்: அறுவைச் சிகிச்சை தவறியது என்பது மட்டும் மருத்துவரின் அலட்சியம் ஆகாது, கரு தங்கியது தெரிந்தும் தம்பதியர் பெற்றுக்கொள்ள முடிவெடுத்தால் அது வேண்டாத குழந்தை ஆகாது என்று 2005இல் சிவ் ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், இந்தியாவில் மணமான 15–49 வயதுப் பெண்களில் 37.9 சதவீதம் பேர் தாங்களே கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள்; கணவரின் அறுவைச் சிகிச்சையைச் சார்ந்திருப்பவர்கள் 0.3 சதவீதம்தான். கலைப்பு வலியைத் தாங்கிய பெண்ணிடமே அடுத்த அறுவைச் சிகிச்சையையும் கேட்பது நியாயமா என்று ஒவ்வொரு கணவரும் யோசிக்க வேண்டும். ஆண்களுக்கான தழும்பில்லா அறுவைச் சிகிச்சை சில நிமிட வேலை. வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. தவறும் வாய்ப்பும் பெண்களுக்கான அறுவைச் சிகிச்சையைவிடக் குறைவு. அதைச் செய்துகொண்டவர் மூன்று மாதம் வரை ஆணுறை பயன்படுத்த வேண்டும்; பிறகு விந்துப் பரிசோதனையில் விந்தணு இல்லை என்று அறிக்கை வந்த பின்னரே ஆணுறையை நிறுத்தலாம்.